சிக்குக் கோலத்தைத் துணியில் இறக்குவது எப்படி: தாளில் முதல் புள்ளியில் இருந்து அடுக்குத் தையல் வரை

மதுரைப் பக்கம் வாசல் கோலம் தெரியாத வீடு குறைவு. ஊசி பிடிக்கத் தெரிந்த கைகளும் நிறையவே உண்டு. ஆனால் இரண்டையும் சேர்த்து, புள்ளிகளைச் சுற்றிக் கோடு வளைந்து பின்னும் ஒரு சிக்குக் கோலத்தைப் பல அடுக்குத் துணியில் தைத்து முடிப்பது தனி வேலை. தேர்ச்சீலையிலும் தொம்பையிலும் (தேரில் உருளையாகத் தொங்கும் துணி) துணி மேல் துணி வெட்டி ஒட்டித் தைப்பதைச் சித்திரைத் தேரோட்டத்தில் பார்த்திருப்பீர்கள். அதே கை வேலையைக் கோலத்தின் கணக்கோடு சேர்த்தால் இந்தத் தொங்கல் வரும். இங்கே சொல்லப்போவது 39 × 48 செ.மீ. அளவில், 3 × 4 நேர்ப்புள்ளியில் (வரிசைக்கு மூன்று புள்ளி, நான்கு வரிசை) ஒரு சுவர்த் தொங்கல். தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் மூன்று வாரத்தில் முடியும்.

துணியில் வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் தாளிலேயே விதைக்கப்படுகின்றன. அதனால் வரைவதற்கு ஒதுக்கும் நாட்களைக் குறைக்காதீர்கள்.

தாளில்: ஆறே வடிவம்

கிராஃப் நோட்டு, 0.5 ஜெல் பேனா போதும். பென்சிலும் ரப்பரும் வேண்டாம். அழிக்கலாம் என்று தெரிந்தால் கை அவசரப்படும். புள்ளிகளை 2 செ.மீ. இடைவெளியில் வையுங்கள். விரலை மட்டும் அசைக்காமல், மாக்கோலம் போடுவதைப் போல மணிக்கட்டோடு கையை நகர்த்தி வரையுங்கள். விரலால் மட்டும் வரையும் வளைவு பாதியில் உடைந்து கோணலாகும்.

ஒரு புள்ளியைச் சுற்றி நான்கு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் கம்பி (கோலத்தின் கோடு) அடுத்த புள்ளியின் கம்பியோடு குறுக்கே வெட்டலாம், அல்லது வெட்டாமல் வளைந்து திரும்பலாம். இவ்வளவுதான் சிக்குக் கோலத்தின் இலக்கணம். திருப்பி வைத்தால் ஒன்றாகிவிடுகிறவற்றைத் தள்ளிப் பார்த்தால் மிஞ்சுவது ஆறு வடிவம்: எங்கும் வெட்டாத வட்டம், ஒரு பக்கம் மட்டும் வெட்டும் துளி, எதிரெதிரே வெட்டும் கண், அடுத்தடுத்த இரண்டு பக்கம் வெட்டும் மூலை வடிவம், மூன்று பக்கம் வெட்டும் விசிறி, நான்கும் வெட்டும் சதுரம். ஒவ்வொன்றையும் ஒரு பக்கம் முழுக்க வரையுங்கள். கை இந்த ஆறையும் யோசிக்காமல் போட ஆரம்பித்த பிறகு கோலத்துக்கு வாருங்கள்.

வரையும்போது இரண்டு விதி வைத்துக்கொள்ளலாம். பேனாவை எடுக்காமல் போவது ஒன்று. கம்பிகள் வெட்டும் ஒவ்வொரு சந்திப்பைத் தாண்டும்போதும் வேகத்தைக் குறைப்பது இன்னொன்று. கண் பேனா முனையைப் பார்க்காமல் அது போய்ச் சேர வேண்டிய அடுத்த சந்திப்பைப் பார்க்க வேண்டும். இருபது நிமிடம் இப்படிப் போட்டால் மனம் வேறு எங்கும் ஓட இடமில்லை. அடுத்தது எந்தப் பக்கம் என்ற கேள்வியே அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தனியாகத் தியானம் என்று எதையும் இதில் சேர்க்கத் தேவையில்லை.

ஒரே கம்பியா, பல கம்பியா?

எல்லாச் சந்திப்பும் வெட்டும்படி போட்ட சிக்குக் கோலம் ஒரே கம்பியாகத்தான் முடியும் என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. செவ்வக நேர்ப்புள்ளியில் எத்தனை கம்பி வரும் என்பதற்கு நேரான கணக்கு இருக்கிறது: வரிசை எண், புள்ளி எண் இரண்டின் மீப்பெரு பொது வகுத்தி. 3 × 3 போட்டால் மூன்று கம்பி. 5 × 5 போட்டால் ஐந்து. 4 × 6 போட்டால் இரண்டு. 3 × 4, 4 × 5, 5 × 6 போன்றவை ஒரே கம்பி. துணி வேலைக்கு முதல் முறை ஒரே கம்பி கோலமே நல்லது. ஓரிடத்தில் ஆரம்பித்தால் தைத்துக்கொண்டே போய் அங்கேயே வந்து நிற்கலாம்.

சதுரக் கோலம்தான் வேண்டும் என்றால் கம்பிகளை இணைத்துக்கொள்ளலாம். இரண்டு வெவ்வேறு கம்பிகள் வெட்டும் ஒரு சந்திப்பை எடுத்து, அங்கே வெட்டாமல் இரண்டு வளைவாக விலக்கிவிட்டால் அந்த இரண்டும் எப்போதும் ஒன்றாகச் சேரும். 3 × 3 கோலத்தில் இப்படி இரண்டு சந்திப்பைத் திறந்தால் ஒரே கம்பி. ஆனால் ஒரே கம்பி தன்னைத்தானே வெட்டும் இடத்தைத் திறந்தால் அது இரண்டாகப் பிரிந்துவிடலாம். அதனால் திறப்பதற்கு முன் ஒவ்வொரு கம்பியையும் வேறு வேறு நிறத்தில் வரைந்து பாருங்கள். நிறம் மாறும் சந்திப்பை மட்டும் தொடுங்கள். அழகாக இருக்கிறதே என்று நான்கு பக்கமும் ஒரே சீராகத் திறந்துவிட்டு, மறுபடி பல கம்பியாகிவிட்டதே என்று முழிப்பதுதான் இதில் அடிக்கடி நடப்பது.

நாம் எடுக்கும் 3 × 4 கோலத்தில் சந்திப்புகள் 17. நான்கு மூலைப் புள்ளிக்கும் மூலை வடிவம், ஓரத்தில் இருக்கும் ஆறுக்கும் விசிறி, நடுவில் இருக்கும் இரண்டுக்கும் சதுரம்.

மேலே, கீழே

துணியில் இந்தக் கம்பி 1 செ.மீ. அகலப் பட்டியாக வரும். பட்டி ஒரு சந்திப்பில் மேலே ஏறினால் அடுத்ததில் கீழே நுழைய வேண்டும். பூத் தொடுப்பதைப் போலக் கோலம் முழுக்க மாறி மாறிப் போகும். நடுவில் எங்காவது கணக்கு முட்டிக்கொள்ளுமோ என்று பயப்பட வேண்டாம். எந்தச் சிக்குக் கோலத்திலும் இது முட்டாது. ஒரு சந்திப்பை முதல் முறை மேலே தாண்டியிருந்தால், கம்பி சுற்றிக்கொண்டு அங்கேயே திரும்பி வரும்போது தானாகவே கீழே போகும் முறை வந்திருக்கும். அப்படி வரவில்லை என்றால் வழியில் ஒரு சந்திப்பை எண்ணாமல் விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இதைத் தாளிலேயே முடியுங்கள். வரைந்த கோலத்தின் மேல் விரலை ஓட்டி, மொத்தம் 34 தாண்டலுக்கும் 'மே', 'கீ' என்று எழுதிக்கொள்ளுங்கள். கீழே போகும் இடத்தில் கோட்டை ஒயிட்னர் வைத்துச் சிறிது மறைத்தால் பின்னல் கண்ணுக்குத் தெரியும். இந்தத் தாள் தைத்து முடிக்கும் வரை பக்கத்திலேயே இருக்கட்டும்.

கோலத்துக்கு வெளியே மிஞ்சும் இடத்தை நிரப்பும் சிறு வடிவங்களையும் இப்போதே முடிவு செய்யுங்கள். புள்ளி தெளித்தால் துணியில் அது விதைத் தையல். இணைகோடுகள் என்றால் ஓட்டுத் தையல். கண்ணி கண்ணியாகப் போட்டால் சங்கிலித் தையல். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்து தைக்க முடியாத எதையும் வரையாதீர்கள்; தாளில் எவ்வளவு அழகாக இருந்தாலும் தைக்கும்போது கை சலித்துவிடும். அடர்த்தி எங்கும் ஒரே அளவில் இருக்கட்டும். தையல் நெருங்கும் இடத்தில் துணி சுருங்கும். தளர்ந்த இடத்தில் உப்பிக்கொண்டு நிற்கும். ஒரு மூலையை மட்டும் நுணுக்கமாக நிரப்பி மற்றதை வெறுமனே விட்டால் தொங்கல் சுவரில் நேராக நிற்காது. எந்த இஸ்திரியும் அதைச் சரிசெய்யாது.

துணி

விளக்குத்தூண், பத்துத்தூண் பக்கத்துத் துணிக்கடைகளில் இதற்கு வேண்டிய எல்லாம் கிடைக்கும். கேட்க வேண்டியது பருத்தி மட்டும். பாலியெஸ்டர் கலந்த துணி மடித்த இடத்தில் மடிப்பு நிற்காமல் எழும்பும்; வளைவில் பட்டி படியாது. சந்தேகம் இருந்தால் ஓரத்து நூல் ஒன்றை உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகி உருண்டையாகும்.

மேல் துணிக்குக் காவி அல்லது செம்மண் நிறப் பாப்ளின், 45 × 54 செ.மீ. பட்டிக்கு வெள்ளை கேம்ப்ரிக், அரை மீட்டர். மேல் துணியில் புள்ளிக்குப் புள்ளி வெட்டும் வட்டச் சன்னல் வழியே எட்டிப் பார்க்கும் அடுக்குக்குச் சுங்குடி, 49 × 58 செ.மீ. அதே அளவில் நடு அடுக்குக்குப் பலமுறை துவைத்து மெலிந்த வேட்டி ஒன்று, அடிக்குக் காடா ஒன்று. புது வேட்டியை நடுவில் வைக்காதீர்கள். கஞ்சியும் இறுக்கமும் சேர்ந்து ஊசி இறங்காது. வங்காளத்துக் கந்தாவில் பழைய புடவையையும் வேட்டியையும் அடுக்கித் தைப்பது சிக்கனத்துக்காக மட்டும் இல்லை. துவைத்துத் துவைத்து இளகிய நெசவில் ஊசி வெண்ணெயில் இறங்குவதைப் போல இறங்கும்.

சுங்குடியைப் பற்றி இரண்டு வார்த்தை. 2005ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடி, சௌராஷ்டிரர்கள் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்து வளர்த்த வேலை. இன்று கடையில் இருப்பதில் பெரும்பகுதி மெழுகு அச்சு வைத்தது. முடிச்சுச் சுங்குடியில் புள்ளிகள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் வித்தியாசமாக இருக்கும், முடிச்சு இருந்த இடத்தில் துணி லேசாகக் குமிழ்ந்திருக்கும். இந்த வேலைக்கு அச்சுத் துணியே தாராளமாகப் போதும். முடிச்சுப் புடவையை வெட்டிச் சன்னலுக்குள் ஒளிப்பது அநியாயம். பழைய புடவை கிழிந்து கிடந்தால் அதன் உடலை எடுத்துக்கொள்ளலாம். புள்ளி சிறிதாக, நெருக்கமாக இருக்கட்டும். 2.7 செ.மீ. வட்டத்துக்குள் நான்கைந்து புள்ளியாவது தெரிய வேண்டும்.

எல்லாவற்றையும் தனித்தனியாக ஊறவைத்துத் துவைத்துக் காயவைத்த பிறகே அளந்து வெட்ட வேண்டும். காடா மீட்டருக்கு 5 செ.மீ. வரை இழுத்துக்கொள்ளும். துவைக்காமல் தைத்தால் முதல் சலவையில் அடித் துணி மட்டும் சுருங்கி மேல் துணி முழுக்க அலை அலையாகும். அடுத்து சாயம். காவித் துணியின் ஈர மூலையை வெள்ளைத் துணிக்குள் வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பாருங்கள். சுங்குடிக்கும் இதே சோதனை. வெள்ளையில் நிறம் ஏறினால் தண்ணீர் தெளிவாகும் வரை மறுபடி அலசுங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் துணியை மாற்றுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பது வீட்டுக்கு வீடு சொல்வது; ஏற்கெனவே தோய்த்து முடித்த துணியில் உப்பால் சாயத்தைப் பிடித்து வைக்க முடியாது.

ஊசியில் எண் கூடக் கூட ஊசி மெலியும். பட்டியை மறைத்துத் தைக்க 9 அல்லது 10, அடுக்குத் தையலுக்கு எம்பிராய்டரி ஊசி 7. நூல்: பட்டிக்குச் சாதாரண வெள்ளைப் பருத்தி நூல், அடுக்குத் தையலுக்கு 6 இழை எம்பிராய்டரி நூலில் இரண்டு இழை பிரித்தது. லச்சிக்கு 8 மீட்டர் இருக்கும், மூன்று நான்கு லச்சி வாங்குங்கள்.

புள்ளி வைத்தல்

மேல் துணியை நீளத்திலும் அகலத்திலும் பாதியாக மடித்து நகத்தால் கீறிக்கொள்ளுங்கள். இரண்டு மடிப்பும் சந்திப்பது நடு. புள்ளி இடைவெளி 9 செ.மீ. அகலத்தில் மூன்று புள்ளி என்பதால் நடுப் புள்ளி மடிப்பின் மேலேயே விழும், மற்ற இரண்டும் இருபுறமும் 9 செ.மீ. தள்ளி. நீளத்தில் நான்கு என்பதால் நடு மடிப்பில் புள்ளி வராது. அதற்கு மேலும் கீழும் 4.5 செ.மீ. தள்ளி இரண்டு, அதற்கு அப்பால் 9 செ.மீ. தள்ளி இரண்டு. இதைக் கவனிக்காமல் மூலையில் இருந்து அளந்துகொண்டு வந்தால் கடைசி வரிசை ஓரத்தில் முட்டும்.

பிறகு அக்கம்பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே 4.5 செ.மீ.யில் சந்திப்புகளைக் குறியுங்கள். எண்ணினால் 17 வர வேண்டும். சந்திப்புகளைச் சாய்கோட்டில் ஸ்கேல் வைத்து இணையுங்கள். ஓரத்து வளைவுக்கு 2-6 அளவு வளையல் ஒன்றைப் புள்ளியின் மேல் நடுவாக வைத்து வெளிப்பக்கமாக வரையுங்கள். 9 செ.மீ. இடைவெளிக்கு அந்த வளையலின் வெளிவட்டம் சாய்கோடுகளோடு இயல்பாக வந்து ஒட்டும். 2-10 வளையல் வைத்தால் வளைவு வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும்.

கருத்த துணியில் வரையக் கரைந்து மெலிந்த வெள்ளைச் சோப்புத் துண்டை விட நல்லது இல்லை. டெய்லர் சாக்கும் சரி. கார்பன் பேப்பரைத் தொடாதீர்கள், அந்தக் கறை போகாது. சூட்டில் மறையும் பேனா கருத்த துணியில் வெளிறிய தடம் விட்டுவிடும்.

சன்னல் வெட்டுதல்

மேல் துணிக்கு அடியில் சுங்குடியை, நல்ல பக்கம் மேலே பார்க்க விரித்து, இரண்டையும் பெரிய ஓட்டுத் தையலால் 8 செ.மீ.க்கு ஒரு வரி என்று நூலோட்டிப் பிடியுங்கள். ஒவ்வொரு புள்ளியின் மேலும் 10 ரூபாய் நாணயத்தை வைத்து வட்டம் போடுங்கள். அது 2.7 செ.மீ.; பட்டி வந்த பிறகும் சுற்றிலும் ஒரு செ.மீ.க்கு மேல் காவி தெரியும்.

மேல் துணியை மட்டும் கிள்ளித் தூக்கி, நடுவில் சிறு வெட்டு. கத்தரியின் நுனியை உள்ளே விட்டு, வரைந்த கோட்டுக்கு 4 மி.மீ. உள்ளே வட்டமாக வெட்டி எடுங்கள். அந்த 4 மி.மீ. ஓரத்தில் 6 மி.மீ.க்கு ஒன்று என்று சிறு வெட்டுகள். கோட்டுக்கு 1 மி.மீ. முன்னால் நிற்க வேண்டும். கோடு வரை வெட்டினால் மடித்த பிறகு அந்த இடத்தில் நூல் பிரிந்து பல்லைக் காட்டும். வெட்டுகள் குறைந்தாலும் குற்றம்: வட்டம் எண்கோணமாகிவிடும்.

ஊசி நுனியால் ஓரத்தை அடியில் தள்ளி, 2 வெட்டு இடைவெளியைத் தைக்கும் அளவுக்கு மட்டும் மடித்துக்கொண்டே போங்கள். முழு வட்டத்தையும் முதலில் மடித்து வைக்கப் பார்த்தால் கையில் நிற்காது. ஊசி சுங்குடியில் இருந்து மேலே வந்து மடிப்பின் ஓரத்து ஓரிரு இழையை மட்டும் பிடித்து, வந்த இடத்துக்கு நேர் எதிரே இறங்க வேண்டும். தையல் 2 மி.மீ. இடைவெளி. இதற்கு நூல் காவி நிறத்தில் இருக்கட்டும். பன்னிரண்டு சன்னலில் முதல் இரண்டு சுமாராக வந்தால் அவை கீழ் மூலைகளில் அமையும்படி வரிசையைத் தொடங்குங்கள். கண் முதலில் போவது நடுவுக்குத்தான்.

கிராஸ் பீஸ் பட்டி

வளைவில் படிய வேண்டும் என்பதால் பட்டியைத் துணியின் சாய்வில்தான் வெட்ட வேண்டும். தையற்காரர்கள் சொல்லும் கிராஸ் பீஸ் இதுவே. நேர் வெட்டுப் பட்டி வளைவில் உள்பக்கம் சுருங்கிச் சுருக்கம் விழும்.

எவ்வளவு வேண்டும்? புள்ளிகளின் எண்ணிக்கையைப் புள்ளி இடைவெளியால் பெருக்கி மூன்றால் பெருக்குங்கள். 12 × 9 × 3 = 324 செ.மீ. சேதாரத்துக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் ஏறத்தாழ 4.3 மீட்டர். வெள்ளைத் துணியில் 45 செ.மீ. சதுரம் வெட்டி, மூலைவிட்டத்துக்கு இணையாக 3 செ.மீ. அகலத்தில் கோடு போட்டு வெட்டினால் நடுவில் இருந்து பத்துத் துண்டில் இது கிடைத்துவிடும்.

ஒவ்வொரு துண்டையும் நல்ல பக்கம் வெளியே தெரிய நீளவாக்கில் பாதியாக மடித்து, மடிப்பில் இருந்து சரியாக 1 செ.மீ. தள்ளி மெஷினில் ஒரு தையல். மிஞ்சும் ஓரத்தை 3 மி.மீ.க்கு வெட்டிவிடுங்கள். குழாய் போல வந்திருக்கும். 9 மி.மீ. அகலத்தில் கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றை நீளமாக வெட்டி உள்ளே விட்டு, தையல் பின்பக்கம் நடுவில் வரும்படி திருப்பி இஸ்திரி போடுங்கள். அட்டை இல்லாமல் தேய்த்தால் தையல் ஓரத்துக்கு வந்து எட்டிப் பார்க்கும். வீட்டில் மெஷின் இல்லாதவர்கள் இந்த ஒரு வேலையை வெளியே கொடுக்கலாம். புது மண்டபத்தில் இருந்து குன்னத்தூர் சத்திரத்துக்குப் போன தையற்கடைகளில் கிராஸ் பீஸ் என்ற சொல்லே போதும், விளக்கவே தேவையில்லை.

துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்து நீளமாக்காதீர்கள். இணைப்பு தடித்துத் தெரியும். ஒவ்வொரு துண்டும் 'கீ' என்று குறித்த சந்திப்பில் முடிந்து அடுத்தது அங்கேயே தொடங்கட்டும். மேலே போகும் பட்டி இரண்டு முனையையும் மூடிவிடும். எங்கே நின்றாலும் அடுத்த 'கீ' 23 செ.மீ.க்குள் வந்துவிடும் என்பதால் சேதாரம் அதிகம் ஆகாது.

பட்டி தைத்தல்

ஒரு மூலையில், 'கீ' சந்திப்பில் தொடங்குங்கள். வரைந்த கோடு பட்டியின் நடுவே ஓடும்படி 15 செ.மீ. தூரம் மட்டும் நூலோட்டிப் பிடித்து, அதைத் தைத்து முடித்துவிட்டு அடுத்த 15 செ.மீ. குண்டூசியை இரவெல்லாம் துணியில் விட்டுவைக்காதீர்கள். வெயில் காலத்து வியர்வைக் கை பட்ட குண்டூசி வெள்ளைத் துணியில் துருப் புள்ளி வைத்துவிடும். கை வழுக்கினால் விரலில் கொஞ்சம் முகப்பவுடர். ஒட்டிவிட்டுத் தைக்கலாம் என்று ஃபெவிகால் பக்கம் போக வேண்டாம். காய்ந்தால் ஊசி இறங்காது.

வளைவில் எப்போதும் உள்ஓரத்தை முதலில் தையுங்கள். சாய்வு வெட்டு இழுத்தால் நீளும். ஆனால் மிஞ்சிய துணியை ஒளித்து வைக்க அதற்குத் தெரியாது. உள்ஓரம் பிடிபட்ட பிறகு வெளிஓரம் தானாக நீண்டு வளைவோடு படியும். மாற்றிச் செய்தால் வெளிப்பக்கம் அழகாக இருக்கும், உள்பக்கம் குட்டிக் குட்டிச் சுருக்கம் நிற்கும். பிரிப்பதைத் தவிர வழியில்லை.

சந்திப்புக்கு வரும்போது தாளைப் பாருங்கள். முதல் முறை தாண்டுகிறீர்கள், தாளில் 'கீ' என்றால் நிற்காமல் தைத்துக்கொண்டே போங்கள். 'மே' என்றால், சந்திப்பின் நடுவில் இருந்து இருபுறமும் 1.2 செ.மீ. தைக்காமல் விட்டு, நூலை முடிச்சிட்டு அந்தப் பக்கம் போய் மறுபடி தொடங்குங்கள். இரண்டாவது முறை வரும் பட்டி அந்தப் பாலத்துக்கு அடியில் நுழையும். நுழைத்து, இழுத்துச் சமமாக்கி, நுழைந்த பட்டியைத் தைத்து முடித்த பிறகே பாலத்தின் இரண்டு ஓரத்தையும் மூட வேண்டும். பாலத்தை முன்னதாக மூடிவிடுவதுதான் எல்லோரும் தடுக்கி விழும் இடம். திறந்து வைத்த பாலங்களில் ஒரு நிற நூலைச் சுற்றி வைத்தால் மறக்காது.

முடிந்ததும் திருப்பிப் போட்டு, ஈரத் துணி விரித்துப் பின்பக்கமாக இஸ்திரி போடுங்கள். பட்டிக்கு விறைப்பு வேண்டி அரிசிக் கஞ்சி போட்டிருந்தால் கடைசியில் நன்றாக அலசிவிட வேண்டும். கஞ்சி ஒட்டிய துணியைக் கரப்பான் விடாது.

அடுக்கிப் பிடித்தல்

தரையில் காடாவை விரித்து நான்கு ஓரமும் இழுபடாமல் தட்டையாக நிற்கும் அளவுக்கு டேப் ஒட்டுங்கள். காடாவை விறைக்க இழுத்து ஒட்டினால் எடுத்தவுடன் அது சுருங்கி மற்ற அடுக்குகளைக் கூட்டிவிடும். அதன் மேல் வேட்டி, அதன் மேல் சுங்குடி தைத்த மேல் துணி. ஒவ்வொரு அடுக்கையும் நடுவில் இருந்து வெளியே கையால் நீவிவிடுங்கள். நடுவில் இருந்தே கதிர்களாக நூலோட்டுங்கள். பிறகு 10 செ.மீ.க்கு ஒரு வரி குறுக்கும் நெடுக்கும். ஓரத்தில் இருந்து தொடங்கினால் மிச்சத் துணி நடுவில் வந்து தங்கும்.

அடுக்குத் தையல்

நூலை முழங்கை நீளத்துக்கு மேல் எடுக்காதீர்கள். நீளமான நூல் நான்கு அடுக்கில் உரசி உரசிப் பாதியிலேயே பஞ்சாகும். முடிச்சை மேல் துணிக்கு அடியில் இழுத்து ஒளித்துவிடலாம்.

முதல் சுற்று பட்டியின் ஓரத்தை ஒட்டி 5 மி.மீ. தள்ளி, நடுப் புள்ளிகளில் தொடங்கி வெளியே. தையல் 3 முதல் 4 மி.மீ., இடைவெளியும் அதே. ஊசியைச் செங்குத்தாக இறக்கி அடியில் இடது விரலில் உரசுவதை உணர்ந்தபின் மேலே திருப்புங்கள். சாய்த்து ஓட்டினால் மேலே அழகு, அடியில் பாதித் தையல் காடாவைப் பிடித்திருக்காது. பட்டியின் மேல் தைக்கவே வேண்டாம். சந்திப்பில் பட்டிகளும் அடுக்குகளும் சேர்ந்து பத்து மடிப்புக்கு மேல் இருக்கும், ஊசி உடையும்.

அடுத்து சன்னலைச் சுற்றி ஒரு வரி. பிறகு ஓரத்து வெற்றிடம்: கோலத்தின் வெளி வளைவையே 1 செ.மீ. இடைவெளியில் எதிரொலியாகத் திரும்பத் திரும்பத் தைத்துக்கொண்டு ஓரம் வரை போகலாம், அல்லது தாளில் முடிவு செய்த விதைத் தையல். என் கட்சி எதிரொலிக் கோடுதான். கை தானாக ஓடும், சுருக்கமும் சீராக விழும். விதைத் தையலில் ஒவ்வொன்றும் வேறு திசையில் விழ வேண்டும். கண் அயர்ந்தால் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து மழை பெய்வது போல ஆகிவிடும்.

நூலை இழுக்கும் அளவைக் கவனியுங்கள். தையலுக்கு இருபுறமும் துணி மெல்லப் பள்ளம் விழுந்தால் சரி. தையலுக்கு நடுவே துணி கூடி நின்றால் இறுக்கம் அதிகம். ஒவ்வொரு வரி முடிந்ததும் கட்டைவிரலால் வரியின் மேல் நீவி விட்டால் அதிகப்படி இறுக்கம் பரவிவிடும்.

ஓரமும் தொங்கலும்

நூலோட்டியதைப் பிரித்து, நடுக்கோட்டில் இருந்து அளந்து 39 × 48க்கு வெட்டுங்கள். ஓரக் கட்டுக்கு 5 செ.மீ. அகலத்தில் 2 மீட்டர் நேர் வெட்டுப் பட்டி போதும். வளைவு இல்லாததால் கிராஸ் தேவையில்லை. பின்பக்கம் மேலே 6 செ.மீ. காடாவில் ஒரு குழல் தைத்து, அதில் மெல்லிய மூங்கில் குச்சி நுழைத்தால் தொங்கல் நேராக நிற்கும். இரண்டு மூலையில் மட்டும் வளையம் வைத்துத் தொங்கவிட்டால் நடு தொய்யும். வெயில் நேராக விழும் சுவர் வேண்டாம். காவி ஒரு கோடைக்கே வெளிறும். துவைக்க வேண்டி வந்தால் குளிர்ந்த தண்ணீர், பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, தரையில் விரித்து நிழலில் உலர்த்துங்கள்.

அடுத்ததாக 4 × 5க்குப் போகிறவர்களுக்கு: அதுவும் ஒரே கம்பிதான், சந்திப்பு 31, தாண்டல் 62. இடைவெளி அதே 9 செ.மீ. என்றால் பட்டி 20 × 9 × 3 = 540 செ.மீ., சேதாரத்தோடு 7.2 மீட்டர், 60 செ.மீ. சதுரம் வெட்டுங்கள். முடிந்த அளவு 48 × 57 செ.மீ. வரும். இங்கே ஐந்து புள்ளி இருக்கும் பக்கத்தில் நடுப் புள்ளி மடிப்பின் மேல் விழும், நான்கு இருக்கும் பக்கத்தில் 4.5 செ.மீ. தள்ளும்.